கையிலே போன், தண்டவாளத்திலே ரயில்!



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா. கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே ஒரு பீரோ நிறைய வந்திருக்கு" என்று மலர்க்குழுவில் இருக்கும் நண்பன் கேட்டதால் இந்தக் கட்டுரை. எங்கள் பேட்ச் நான்கு பேரும் இறுதியாண்டு புராஜெக்ட்டாக ஒரு பொம்மை ரயிலை எடுத்துக்கொண்டோம் என்று கேள்விப்பட்டதும் சிரித்தவர்கள் அநேகம். "தண்ணி டேங்க் லெவல் இண்டிகேட்டர் பண்ணிட்டு நிம்மதியா இருக்கலாம்ல?" என்று அறிவுரை சொன்னவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பொம்மைக்குள்ளே நம்முடைய ஆறு செமஸ்டர் சிலபஸில் பாதி உட்கார்ந்திருக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் பேட்ச் நண்பன் ஒருவனின் பெரியப்பா கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் என்றோ வாங்கிய ஆறு சக்கர நீராவி டேங்க் எஞ்சின் ஒன்று, நாலு வேகன், கொஞ்சம் தண்டவாளம் எல்லாம் அவரிடம் அட்டைப் பெட்டியில் இருந்தன. 'ஓஓ' என்று அந்த நாட்டில் சொல்லும் அளவு அது. நிஜ ரயிலில் ஓரடி என்றால் மாடலில் 4 மில்லிமீட்டர், அதாவது 76-இல் ஒரு பங்கு. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். 'ஹார்ன்பி டப்ளோ' என்ற பெயரில் 1938-இல் பிரபலமாகி, இன்றைக்கும் பிரிட்டனில் பெரும்பாலோர் வீட்டில் ஓடுவது இந்த அளவுதான். "உடைக்காம வெச்சுக்குங்கப்பா" என்று சொல்லித்தான் பெரியப்பா கொடுத்தார். அந்த வாக்கை நாங்கள் எப்படிக் காப்பாற்றினோம் என்பது பின்னால் வரும்.

முதலில் பழைய முறை. இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 12 வோல்ட் டி.சி. கொடுத்தால் சக்கரம் வழியாக மோட்டாருக்குக் கரண்ட் போய் ரயில் ஓடும். வோல்ட்டைக் கூட்டினால் வேகம், பிளஸ் மைனஸை மாற்றினால் ரிவர்ஸ். இதில் கஷ்டமே கிடையாது. கஷ்டம் எப்போது வருகிறது என்றால் இரண்டாவது எஞ்சினை அதே தண்டவாளத்தில் வைக்கும்போது. இரண்டும் ஒரே திசையில் ஒன்றாக ஓடும், ஒன்றாக நிற்கும். நீங்கள் ஓட்டுவது ரயிலை அல்ல, தண்டவாளத்தை. இதைச் சமாளிக்கத் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச் போட்டு, மேஜைக்கு அடியில் வலைபோல வயர் இழுத்தார்கள் அந்தக் காலத்து ஆர்வலர்கள்.

இதற்கு விடையாக வந்ததுதான் டி.சி.சி. என்கிற டிஜிட்டல் கமாண்ட் கண்ட்ரோல். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் நேஷனல் மாடல் ரெயில்ரோட் அசோசியேஷன் 1990-களில் இதைப் பொதுத் தரமாக அறிவித்தது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட்டேஜ் இருக்கும். ஆனால் அது நேர் மின்சாரம் அல்ல, பிளஸ் மைனஸ் மாறி மாறி வரும் சதுர அலை. அந்த மாற்றத்தின் நேரத்தில்தான் செய்தி ஒளிந்திருக்கிறது. அரை அலை 58 மைக்ரோ செகண்டு இருந்தால் அது '1'. 100 மைக்ரோ செகண்டு இருந்தால் அது '0'. மின்சாரமும் அதுவே, செய்தியும் அதுவே!

நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் மைக்கில் அழைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். "ரூம் நம்பர் மூணு, உனக்கு விசிட்டர்" என்று சொன்னால் அத்தனை பேருக்கும் காதில் விழும். எழுந்து போவது மூணாம் நம்பர் ரூம்காரன் மட்டும். அதேபோல ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டிகோடர் என்ற சின்னப் பலகை இருக்கிறது. அதற்கு ஒரு முகவரி. கடையில் வாங்கும்போது எல்லா டிகோடருக்கும் முகவரி 3 தான். செய்தி எப்படி இருக்கும் தெரியுமா? முதலில் 'கவனி கவனி' என்பதுபோல 14 ஒன்றுகள். பிறகு முகவரி 00000011. பிறகு கட்டளை 01100111, அதாவது 'முன்னால் போ, இந்த வேகத்தில்'. கடைசியில் 01100100. இந்தக் கடைசி பைட் என்ன? முதல் இரண்டையும் எக்ஸ்-ஆர் பண்ணிப் பாருங்கள், அதுதான். டிகோடரும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ஒத்துவரவில்லை என்றால் செய்தியைக் குப்பையில் போட்டுவிடும். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பேப்பரில் இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்தோமே, அந்த எக்ஸ்-ஆர் கேட்தான்.

இடையில் வரும் பிரிப்பு பிட்டுகளையும் சேர்த்தால் மொத்தம் 42 பிட். '1' எத்தனை, '0' எத்தனை என்பதைப் பொறுத்து ஒரு செய்திக்கு ஏறக்குறைய 5 முதல் 7 மில்லி செகண்டு ஆகும். பத்து எஞ்சின் ஓடினாலும் ஒவ்வொன்றுக்கும் விநாடிக்குச் சுமார் பதினைந்து தடவை செய்தி வந்துகொண்டே இருக்கும். இந்தத் 'திரும்பத் திரும்பச் சொல்வது' என்ற விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கதையில் அதற்கு வேலை இருக்கிறது.

இப்போது ஆப் விஷயத்துக்கு வருவோம். 'போனில் ஓடும் ரயில்' என்று எல்லாரும் ஒரே பேச்சாகச் சொன்னாலும் அதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, போன் வைஃபை வழியாக மேஜையோரம் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேசும். பெட்டி வழக்கம்போல டி.சி.சி. அலையைத் தண்டவாளத்தில் அனுப்பும். ஆஸ்திரியாவின் ரோகோ 2012-இல் கொண்டுவந்த இசட்-21 பெட்டி இந்த வகை. இதில் போன் வெறும் ரிமோட்தான். கடைசி ஓரடி தூரம் செய்தி இரும்பிலேதான் போகிறது.

இரண்டாவது ஜாதியில் ரேடியோவே எஞ்சினுக்குள் ஏறிவிடுகிறது. அமெரிக்காவின் சவுண்ட்டிராக்ஸ் நிறுவனத்தின் 'புளூநாமி', பிரிட்டனின் ஹார்ன்பி 2023-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'எச்.எம்.7000' ஆகியவை இந்த வகை. போனிலிருந்து புளூடூத் நேரே டிகோடருக்குப் போகிறது. தண்டவாளத்தின் வேலை சோறு போடுவது மட்டும், பேச்சு எல்லாம் காற்றில். அதனால் தண்டவாளத்தில் சாதாரண டி.சி. கொடுத்தாலே போதும், எஞ்சினுக்குள்ளோ வேகனிலோ பேட்டரி வைத்தால் தண்டவாளத்தில் கரண்டே தேவையில்லை. ஒரு போனோடு ஒரே சமயத்தில் அதிக எஞ்சின்களை இணைக்க முடியாது என்ற சிக்கலுக்கு ஹார்ன்பி எடுத்த வழி மெஷ் முறை. ஒரு எஞ்சின் கேட்ட செய்தியை அடுத்த எஞ்சினுக்கு அதுவே கடத்திவிடும். கிளாஸில் சிட்டு பாஸ் பண்ணுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நாங்கள் செய்தது இந்த இரண்டாவது ஜாதியின் ஏழை வீட்டுப் பதிப்பு. ஈ.எஸ்.பி.32 என்ற சில்லு. வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே இருக்கும், நம் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் கிடைக்கும். மோட்டாரை ஓட்ட டி.பி.6612 எச்-பிரிட்ஜ். ஒலிக்கு மேக்ஸ் 98357 என்ற சின்ன ஆம்ப்ளிஃபையர். போனில் எம்.ஐ.டி. ஆப் இன்வென்டரில் கட்டம் கட்டமாக ஒட்டிச் செய்த ஆப். எஞ்சினுக்குள் இவ்வளவும் நுழையாது. எனவே பின்னால் வரும் மூடிய வேகனுக்குள் எல்லாவற்றையும் வைத்து, இடையில் நாலு மெல்லிய வயர் விட்டோம். வேகன் பிளாஸ்டிக் என்பது ஒருவகையில் அதிர்ஷ்டம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், கால் அலை ஆன்டெனா 3 சென்டிமீட்டர். அதை வார்ப்பு உலோகக் கொதிகலனுக்குள் அடைத்தால் குக்கருக்குள் வைத்துப் பேசுகிற மாதிரிதான்.

முதல் நாளே முதல் சாவு. எச்-பிரிட்ஜை மோட்டாரில் கொடுத்து, தண்டவாளத்தில் வைத்து, சுவிட்சைப் போட்டதும் 'டப்'. ஒரு வாசனை. அவ்வளவுதான். காரணம் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று. டி.சி. காலத்து எஞ்சின்கள் பலவற்றில் மோட்டாரின் ஒரு பிரஷ் நேராக உலோகச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். அந்தச் சட்டம் ஒரு தண்டவாளத்தோடு சேர்ந்திருக்கும். டி.சி.க்கு அது சௌகரியம். டிகோடருக்கு அது எமன். எச்-பிரிட்ஜின் வெளியீடு நேரடியாகச் சப்ளையோடு ஷார்ட் ஆகிவிடுகிறது. எனவே நீங்கள் எந்த டிகோடரைப் பொருத்தினாலும், காசு கொடுத்து வாங்கியதோ கையால் செய்ததோ, முதலில் மல்ட்டிமீட்டரை எடுத்து மோட்டாரின் இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு பக்கச் சக்கரங்களுக்குத் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். பீப் சத்தம் கேட்டால் பிரஷ்ஷைப் பிரித்து இன்சுலேட் பண்ணும்வரை சாலிடரிங் அயர்னைத் தொடாதீர்கள். புது எஞ்சின்களில் எட்டு முள் சாக்கெட் வைத்தே தருகிறார்கள். ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், சிவப்பும் கறுப்பும் தண்டவாளம், வெள்ளையும் மஞ்சளும் முன் பின் விளக்கு, நீலம் பொது பிளஸ். அந்த நிறங்களை நாங்களும் பின்பற்றினோம். நடுராத்திரி தப்பு கண்டுபிடிக்க அது ரொம்ப உதவியது.

அடுத்த பிரச்னைதான் பெரிய பிரச்னை. ரயில் ஓடும், இரண்டடி போகும், ஒரு தண்டவாள இணைப்பில் லேசாகத் துள்ளும், அப்படியே செத்துப்போகும். கம்ப்யூட்டரில் பார்த்தால் 'பிரவுன் அவுட்' என்று ஈ.எஸ்.பி. புலம்பியிருக்கும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு துளி அழுக்கு போதும், ஒரு கணம் கரண்ட் விட்டுப்போகும். டி.சி.சி. டிகோடருக்கு இது பெரிய விஷயமில்லை. கரண்ட் திரும்பியதும் விழித்துக்கொள்ளும், திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி அடுத்த சில மில்லி செகண்டுகளில் காதில் விழும், ஓட ஆரம்பித்துவிடும். புளூடூத் அப்படியில்லை. அது போன் கால் மாதிரி. கட் ஆனால் முதலிலிருந்து டயல் பண்ண வேண்டும். சில்லு பூட் ஆகி, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அறிவித்து, போன் அதைக் கண்டு, இணைந்து முடிக்க எங்களுக்குச் சில விநாடிகள் ஆயிற்று. அழுக்கு ஒரு மில்லிமீட்டர், தண்டனை நாலு விநாடி!

தீர்வு கெபாசிட்டர் என்று எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. கணக்குப் போடுவோம். தண்டவாளத்தில் 12 வோல்ட். பிரிட்ஜ் ரெக்டிஃபையரில் 1.4 போனால் மீதி 10.6. எங்கள் சர்க்யூட் 6.6 வோல்ட் வரை தாக்குப் பிடிக்கும். ஆக 4 வோல்ட் இறங்கலாம். மோட்டாரும் சில்லுமாகச் சுமார் 200 மில்லி ஆம்பியர். நேரம் என்பது கெபாசிட்டன்ஸ் பெருக்கல் வோல்ட் இறக்கம் வகுத்தல் கரண்ட். 1000 மைக்ரோ ஃபாரட் போட்டால் 20 மில்லி செகண்டு. போதவே போதாது. பிறகு 1 ஃபாரட், 2.7 வோல்ட் சூப்பர் கெபாசிட்டர் ஐந்தைத் தொடராகச் சேர்த்தோம். மொத்தம் 0.2 ஃபாரட், 13.5 வோல்ட் தாங்கும். இப்போது கணக்கு 4 விநாடி! ஆனால் காலியான சூப்பர் கெபாசிட்டர் கரண்ட்டை ஷார்ட் சர்க்யூட் மாதிரி இழுக்கும். எனவே சார்ஜ் ஆக 100 ஓம் ரெசிஸ்டர், வெளியே கொடுக்க அதற்கு இணையாக ஒரு டயோடு. கால் வாட் ரெசிஸ்டர் போட்டுப் புகை பார்த்த பிறகுதான் தொடக்கத்தில் அதில் 1.1 வாட் விழும் என்று கணக்குப் போட்டோம். 2 வாட் போட்டோம். டைம் கான்ஸ்டன்ட் 20 விநாடி, முழுதாக நிரம்ப ஒன்றரை நிமிஷத்துக்கு மேல். டெமோவுக்கு இரண்டு நிமிஷம் முன்னாலேயே எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு, சாரிடம் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருப்போம்.

பிறகு எஞ்சின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. தண்டவாளத்தில் ஒரு துண்டு காகிதம் வைத்தாலும் தாண்டிப்போனது. எங்களுக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

இரண்டாவது ரிவ்யூ. லேபில் எட்டடி நீள மேஜை, அதன்மேல் நேர் தண்டவாளம், இரண்டு முனையிலும் தடுப்பு எதுவும் இல்லை. போன் என் கையில். சார்கள் மூன்று பேர் நிற்கிறார்கள். எஞ்சின் மேஜையின் நடுவைத் தாண்டும்போது போன் அடித்தது. அம்மா! "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். பழைய போன், கால் வந்தால் திரை முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும். என் வேகக் கட்டுப்பாடு அதற்கு அடியில் போய்விட்டது. சிவப்புப் பட்டனைத் தேடித் தடவுகிறேன். அதற்குள் நண்பன் சமயோசிதமாகத் தண்டவாள சப்ளையை ஆஃப் பண்ணிவிட்டான். எஞ்சின் நின்றதா? எப்படி நிற்கும்? நாங்களே ஐந்து சூப்பர் கெபாசிட்டர் வைத்திருக்கிறோமே! மாடல் அளவில் மணிக்கு 40 மைல் என்பது விநாடிக்கு 23 சென்டிமீட்டர். நடுவிலிருந்து மேஜை விளிம்பு 1.2 மீட்டர், ஐந்து விநாடித் தூரம். நான் தடவியதில் இரண்டு விநாடி போச்சு. மீதி மூன்று விநாடியை எங்கள் கெபாசிட்டரே தாராளமாகப் பார்த்துக்கொண்டது. பெரியப்பாவின் எஞ்சின், புகைபோக்கியை முன்னே நீட்டிக்கொண்டு, சிமென்ட் தரைக்குப் போய்விட்டது.

முன் பஃபர் இரண்டும் ஒடிந்தன, கொக்கி வளைந்தது. மோட்டார் பிழைத்தது. அன்று ரிவ்யூவில் என்ன மார்க் வந்தது என்று இங்கே எழுதுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பனோடு போய்ப் பெரியப்பாவிடம் உடைந்ததைக் காட்டினோம். அவர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, ஓடுறதைச் சோதிக்கிறதுக்கு முன்னாடி நிக்கிறதைச் சோதிக்க மாட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மூன்று வாரம் நிறுத்தும் வேலைதான் செய்தோம். முதலாவது, இதயத்துடிப்பு. ஆப் கால் விநாடிக்கு ஒருமுறை 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு பைட் அனுப்பும். ஒரு விநாடி வரவில்லை என்றால் எஞ்சின் தானாகவே வேகம் குறைத்து நிற்கும். ஆனால் கால் வந்து ஆப் பின்னால் போனாலும் துடிப்பு ஓடிக்கொண்டே இருந்தால் பயனில்லை அல்லவா? ஆப் இன்வென்டரின் கடிகாரப் பகுதியில் 'திரையில் இல்லாதபோதும் அடி' என்று ஒரு டிக் இருக்கிறது. அதை எடுத்துவிட்டோம். அந்த ஒரு டிக் எங்கள் புராஜெக்ட்டில் ரொம்ப முக்கியமான ஒரு வரி. இரண்டாவது, பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்கு முன்னாலேயே தண்டவாள வோல்ட்டைத் தனியாக அளந்தோம். அரை விநாடிக்கு மேல் தண்டவாளம் செத்திருந்தால் அது அழுக்கு அல்ல, யாரோ வேண்டுமென்றே ஆஃப் பண்ணியிருக்கிறார்கள். அரை விநாடி என்றால் 12 சென்டிமீட்டர். எந்த அழுக்கும் அவ்வளவு நீளம் இருக்காது. மூன்றாவது, அவசர நிறுத்தம். டி.சி.சி.யில் 128 படி வேகமுறையில் 0 என்றால் நில், 1 என்றால் அவசரமாக நில். ஓடுவதற்கு மிச்சம் 126 படிதான். அதையே காப்பியடித்தோம். இவற்றில் எதுவும் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. டி.சி.சி. தரத்தில் சி.வி. என்ற அமைப்பு எண்களின் வரிசையில் பதினொன்றாவது எண்ணே 'செய்தி வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம்' என்பதற்குத்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. படித்திருக்கிறோம், தாண்டிப்போயிருக்கிறோம்.

ஒலி

இது எனக்குப் பிடித்த பகுதி. நீராவி எஞ்சினின் 'சுக் சுக்' என்பது சிலிண்டரிலிருந்து நீராவி வெளியேறும் சத்தம். சாதாரண இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுக்கு நாலு சுக். 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' போன்ற மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஆறு. எங்கள் எஞ்சினின் சக்கரம் 18 மில்லிமீட்டர் விட்டம். 14 மில்லிமீட்டருக்கு ஒரு சுக் வர வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் காது கண்டுபிடித்துவிடும், டப்பிங் படத்தில் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகிற மாதிரி.

சக்கர வேகம் டிகோடருக்கு எப்படித் தெரியும்? சென்சாரே வேண்டாம். மோட்டாருக்குப் பல்ஸ் பல்ஸாகத்தான் கரண்ட் கொடுக்கிறோம். அவ்வப்போது ஒரு மில்லி செகண்டு அளவுக்கு நிறுத்திவிட்டு மோட்டார் முனையில் வோல்ட் மீட்டர் வைத்தால், சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் அந்தக் கணத்தில் ஜெனரேட்டராகி ஒரு வோல்ட் கொடுக்கும். அதுதான் பேக் ஈ.எம்.எஃப். வேகத்துக்கு நேர் விகிதம். எலக்ட்ரிகல் மெஷின்ஸ் பேப்பரில் ஒரு சமன்பாடாக மட்டும் பார்த்த சமாசாரம், இங்கே 'சுக்' என்று காதில் கேட்கிறது. இன்னும் ஒரு வித்தை: அதே வேகத்தைக் காக்க அதிகப் பல்ஸ் தேவைப்பட்டால் ஏற்றம் அல்லது பாரம் என்று அர்த்தம், சுக் சத்தத்தைக் கனமாக்கு. பல்ஸ் குறைந்தால் இறக்கம். சுக்கை அடக்கி, இணைப்புக் கம்பிகளின் கிணுகிணுப்பை மட்டும் விடு. நல்ல டிகோடர்கள் இதைத்தான் செய்கின்றன.

முதலில் மெமரி கார்டு போட்டுப் பாட்டுப் பாடும் சின்ன எம்.பி.3 பலகையை வைத்துப் பார்த்தோம். கட்டளைக்கும் சத்தத்துக்கும் இடையில் காதுக்கே தெரியும் தாமதம். விசிலுக்குச் சரி, சுக்குக்கு உதவாது. பிறகு ஒலித் துண்டுகளைச் சில்லின் நினைவகத்திலேயே வைத்தோம். விநாடிக்கு 22,050 மாதிரி, மாதிரிக்கு 2 பைட் என்றால் விநாடிக்கு 44 கிலோபைட். எங்களுக்கு மிச்சமிருந்த இடம் ஒன்றரை மெகாபைட், அதாவது முப்பத்துநாலு விநாடி. எனவே சுக் என்பது கால் விநாடித் துண்டு நாலு, அவற்றையே சுழற்றுவது. ஸ்பீக்கர் 11-க்கு 15 மில்லிமீட்டர் அளவு. அதைச் சும்மா வைத்தால் கொசு மாதிரி கத்தும். முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் அப்படி. பின்னால் காற்றுப் புகாமல் ஒரு குட்டிப் பெட்டி ஒட்டினால் அதே ஸ்பீக்கர் கம்பீரமாகிவிடும். நாங்கள் ஒட்டியது தீப்பெட்டி அளவுகூட இல்லாத பிளாஸ்டிக் டப்பா. செலவு பூஜ்யம், பலன் நூறு.

வெளிநாட்டு டிகோடர்களின் ஒலிப் பட்டியலில் நம் ஊருக்குச் சொந்தமான ஒன்று ஒளிந்திருக்கிறது. அமெரிக்க ஆல்கோ 251 டீசல் எஞ்சின் ஒலி சிலவற்றில் உண்டு. நம் டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினுக்குள் இருந்ததும் அதே 251 தான். 1962-இல் ஆல்கோ அனுப்பிவைத்து, 1964 முதல் வாரணாசியில் கட்டப்பட்ட 2600 குதிரைசக்தி எஞ்சின். ஈரோட்டிலோ பொன்மலையிலோ வளர்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

கடைசியாக என் சொந்த அபிப்பிராயம். புளூடூத் டிகோடர் வந்ததால் டி.சி.சி. ஒழிந்தது என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டில் ஒரு மேஜையில் இரண்டு எஞ்சின் ஓட்டுபவருக்கு இது வரப்பிரசாதம். பெட்டி வேண்டாம், வயர் வேண்டாம், ஒலியைக்கூட ஆப் மூலம் காற்றிலேயே இறக்கிக்கொள்ளலாம். ஹார்ன்பி அதைச் செய்கிறது. ஆனால் டி.சி.சி. யாருக்கும் சொந்தமில்லாத தரம். 1990-களில் வாங்கிய டிகோடர் இன்றைய பெட்டியோடும் பேசும். புளூடூத் செய்தியின் மொழி அந்தந்தக் கம்பெனிக்குச் சொந்தம். போனின் ஆண்ட்ராய்டு நாலு தடவை மாறியபின் அந்த ஆப் வேலை செய்யாவிட்டால் எஞ்சின் ஊமையாகிவிடும். இந்த ஆபத்து தெரிந்தோ என்னவோ, மேலே சொன்ன இரண்டு கம்பெனியின் டிகோடர்களும் டி.சி.சி. மொழியையும் கூடவே புரிந்துகொள்கின்றன. இன்னொரு குறை எங்களுக்கே அனுபவம்: கண்ணாடித் திரையில் தடவும்போது கண் போனில் இருக்கிறது, ரயிலில் இல்லை. திருகும் குமிழ் இருந்தால் பார்க்காமலே பிடித்திருக்கலாம், எஞ்சினும் கீழே விழுந்திருக்காது. அடுத்து செய்பவர்கள் போனோடு ஒரு குமிழும் சேர்த்துச் செய்யுங்கள்.

இறுதி வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் முதல் கேள்வியே, "கனெக்ஷன் போயிடுச்சுன்னா என்ன ஆகும்?" என்றார். நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "சார், நீங்களே செய்து பாருங்க" என்று ஓடும்போதே போனை அவர் கையில் கொடுத்தோம். அவர் புளூடூத்தை ஆஃப் பண்ணினார். எஞ்சின் ஒரு விநாடி யோசித்து, சுக்... சுக்... சுக் என்று தளர்ந்து, விளிம்புக்கு இரண்டடி முன்னாலேயே நின்றது.

ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு: வேகனும் பலகையும் லேபில் எங்கள் சார் பொறுப்பில் இருக்கின்றன. புரோகிராமும் கொடுக்கத் தயார். பெரியப்பாவின் எஞ்சினுக்குப் புது பஃபர் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். உங்களுக்கு வேறு எஞ்சின் தேட வேண்டியிருக்கும். விசில் ஒலியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அது மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் நீலகிரி ரயில் நிற்கும்போது நாங்கள் போனில் பதிவு செய்தது. எவ்வளவு வெட்டியும் கடைசி அரை விநாடியில் பிளாட்பாரத்துக் குரல் ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போதும் விசில் பட்டனை அழுத்தினால் எஞ்சின் 'கூ...' என்று கூவிவிட்டு, மெல்ல "வடேய்" என்கிறது.